சனிக்கிழமைச் சாரம்

எங்கள் கட்டடத்தில் வேலை செய்த எவருக்கும் ஒருநாளும் காயம் பட்டதில்லை. நம்பாவிட்டால் அவர்களையே கேட்டிருக்கலாம். காலில் ஆணி குத்தி இரத்தம் ஒழுக நிற்கிறவரிடம் "என்ன நடந்த?" என்று கேட்டால், "ஒண்டுமில்ல" என்பார். சுத்தியல் பட்டு நகம் கறுத்துப்போன விரலை வாய்க்குள் வைத்திருக்கிறவரும், விரலை வெளியே எடுத்துவிட்டு அதையேதான் சொல்வார்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காற்று எங்கள் கரையோரத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, கல்முனையில் மேசன்மாருக்கும் ஓடாவிமாருக்கும்தான் மவுசு. மர வேலை செய்கிறவரை நாங்கள் ஓடாவி என்போம். மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட அந்த வருஷம் கிளாக்கர் வேண்டாம், மேசன் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டதாகச் சனம் பகிடி பண்ணும். எங்கள் வீட்டில் அந்தப் பகிடி எடுபடாது. அங்கே ஏற்கெனவே ஒரு மேசன் மாப்பிள்ளை இருந்தார்.

அவர் என் ராத்தாவின், மூத்த சகோதரியின், கணவர். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். அவர் கைபட்ட சுவரில் நூல் பிடித்துப் பார்க்கத் தேவையில்லை என்று மற்ற மேசன்மாரே சொல்வார்கள். நானோ உயர்தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் பல்கலைக்கழகத்துக்கு வேண்டாதவனாகி, ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவன். "சும்மா இரிக்கிறத்துக்கு எங்கட கட்டடத்துக்கு வா மச்சான். சாமானக் குடுக்கிறதும் எழுதுறதும்தான் வேல" என்று அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

பெண்கள் பாடசாலை ஒன்றுக்கு இரண்டு மாடியில் வகுப்பறைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னுடைய இராச்சியம் தென்னோலை பின்னி வேய்ந்த ஒரு கிடுகுக் கொட்டில். அதற்குள் சீமெந்து மூட்டை, ஆணிப் பெட்டி, தேங்காய்த் தும்புக் கயிற்றுக் கட்டு, உட்கார ஒரு வாங்கு, தேத்தண்ணிச் சாமான். எனக்கு வயது இருபத்துமூன்று. அந்தக் கொட்டிலில் உட்கார்ந்துகொண்டு முழுக் கட்டடத்தையும் நானே கட்டுவதாக நினைத்தேன்.

இருபது பேர்வரை வேலை செய்தோம். பாதிப் பேர் எங்கள் முஸ்லிம் ஆட்கள். மீதிப் பேர் பாண்டிருப்பிலிருந்து நடந்து வருகிற தமிழ் ஆட்கள். பத்து மணிக்குப் பிளேன்டியும் பனிசும் வரும். வந்ததும் நாக்குகளுக்கு வேலை. யாருடைய சுவர் கோணல், யாருடைய மாமியார் பொல்லாதவள், மாவடிப்பள்ளி வயலில் யார் வேளாண்மை வெள்ளத்தில் போனது, எல்லாம் அந்தக் கால்மணி நேரத்துக்குள் பேசி முடிந்துவிடும். நோன்பு மாதத்தில் எங்கள் ஆட்களுக்குப் பின்னேரமானால் தலை கிறுகிறுக்கும். மேலே ஏறுகிற வேலையை அப்போது பாண்டிருப்பு ஆட்கள் யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை, சொல்ல வேண்டுமென்று எவருக்கும் தோன்றியதுமில்லை. பிறகு வந்த வருஷங்களில் ஊருக்கும் ஊருக்கும் இடையில் என்னென்னவோ நடந்தது. அந்த இருபது பேரையும் ஒரே வாங்கில் வைத்துப் பார்த்த கண் என்னுடையது என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை இருக்கிறது, துக்கமும் இருக்கிறது.

வேலையை மேற்பார்க்க யாழ்ப்பாணத்து ஓவசியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஒருநாள் வந்தவர், "மாதா மாதம் காயம்பட்ட ஆக்களின்ர விபரம் கந்தோருக்கு வேணும். எழுதி வையும்" என்றார். நான் நேர்மையான ஆள். எல்லாரிடமும் போய்க் கேட்டேன். எல்லாரும் "ஒண்டுமில்ல" என்றார்கள். மாத முடிவில் அழகான எழுத்தில் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். ஓவசியர் அதை வாசித்தார். அந்த நேரம் பார்த்து, காலில் பழந்துணி சுற்றிய ஒருவரும் விரலில் பழந்துணி சுற்றிய ஒருவரும் எங்களைக் கடந்து போனார்கள். ஓவசியர் கடுதாசியை மடித்து என்னிடமே தந்தார்.

"தம்பி, உமக்குக் கண் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் ஓவசியர் மேலல்ல, இந்த "ஒண்டுமில்ல" மனிதர்கள் மேல். ஆனால் அவர்களைக் காட்டிக் கொடுக்க ஒரு சாட்சி என் கொட்டிலுக்குள்ளேயே இருந்தது. அது கோப்பித் தூள். எங்கள் ஆட்கள் எல்லாரும் தேத்தண்ணிதான் குடிப்பார்கள். கோப்பி, கட்டட வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர் வந்தால் அவருக்கு மட்டும். அவரோ வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர். அப்படியிருந்தும் கோப்பிப் போத்தல் பத்து நாளில் காலியாகிவிடும். வெட்டுக் காயத்துக்குக் கோப்பித் தூளை அப்பினால் இரத்தம் நிற்கும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். நான் சீமெந்து அளக்க வெளியே போகிற நேரம் பார்த்து ஒவ்வொருவராக வந்து ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அடுத்த நாள் கோப்பிப் போத்தலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். "கதை சொன்னாத்தான் கோப்பி. எங்க பட்ட, எப்ப பட்ட, எதால பட்ட, மூண்டும் சொல்லோணும்" என்று அறிவித்தேன். முதல் இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஓடாவி ஒருவர் கையில் உளி பட்டு வந்து நின்றார். இரத்தம் சொட்டுகிறது, வாய் திறக்கவில்லை. நானும் பெட்டியைத் திறக்கவில்லை. கடைசியில் அவர்தான் தோற்றார். அன்றைக்குத் திறந்த நாற்பது தாள் அப்பியாசக் கொப்பிக்குக் கோப்பிக் கொப்பி என்று பெயர் வந்தது. வைத்தவர் மச்சான்.

சொல்லக்கூடாது, அந்தக் கொப்பி நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரு மாதம் எழுதிவிட்டுப் புரட்டிப் பார்த்தால், காலில் ஆணி ஏறியவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் மிதித்திருந்தார்கள். கழற்றிய பழைய பலகைகளை ஆணியோடேயே போட்டுவைக்கிற மூலை அது. ஆணி பிடுங்காத பலகையைக் கீழே போடக்கூடாது என்று சொல்லி வைத்தேன். ஆணிக் காயமும் ஏற்பு ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதோடு குறைந்துபோயின. எனக்குத் தலைகால் தெரியவில்லை. இரவில் படுக்கும்போது ஓவசியரின் கேள்விக்கு மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டேன்: தெரியும் சேர், நன்றாகத் தெரியும்.

பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. மேலேயிருந்து சறுக்கியது, பலகை ஆடி விழப்பார்த்தது, பிடி தவறியது, இப்படியானவை பெரும்பாலும் சனிக்கிழமைக் காலையில் நடந்திருந்தன. பத்து மணித் தேத்தண்ணிக்கு இதைச் சபையில் வைத்தேன். பாண்டிருப்பு ஆள் ஒருவர், "சனி எண்டா சும்மாவா தம்பி? அவன் புடிச்சா விடமாட்டான்" என்றார். எங்கள் ஆள் ஒருவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தின்கிற மாட்டிறைச்சிச் சோறுதான் காரணம் என்றார், அது இறங்க இரண்டு நாள் வேண்டுமாம். இன்னொருவர் கண்ணூறு என்றார். யாருடைய கண் என்று கேட்டதற்கு, பக்கத்துக் கட்டடத்துக் கொந்தராத்துக்காரருடைய கண் என்றார்.

காரணம் எங்கள் வீட்டு வளவுக்குள் இருந்தது. உம்மா உடுப்புக் காயப்போடுகிற தும்புக் கயிற்றுக் கொடி, மழைக்கு நனைந்தால் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். ஒருநாள் வெயில் பட்டால் தொங்கிவிடும். கட்டடத்தில் ஏறி நிற்கிற கம்புகளைக் கட்டியதும் அதே கயிற்றால்தான். வேலை நாளெல்லாம் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவோம், கயிறும் சேர்ந்து நனையும், கட்டு இறுகி நிற்கும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. தண்ணீர் ஊற்ற ஆளில்லை. பகல் முழுக்க வெயிலில் காய்ந்து, சனிக்கிழமை விடியும்போது கட்டெல்லாம் நெகிழ்ந்திருக்கும். அதில் போய் ஏறுவார்கள். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

கொந்தராத்துக்காரரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். சனிக்கிழமை தோறும் ஒரு மணித்தியாலம் கயிறு கட்டிக்கொண்டிருந்தால் கட்டடம் எப்போது முடியும் என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஒரு பலகையில எழுதிப் போடு. வாசிச்சிட்டு அவனவன் செய்யட்டும்" என்றார்.

எழுது என்றால் எனக்குப் போதும். நான் பத்திரிகைக்குக் கவிதை அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பலகையைச் சீவி, வெள்ளை அடித்து, சிவப்பு மையில் எழுத உட்கார்ந்தேன். கட்டடம் உயர உயர மேசன்மார் ஏறி நிற்கக் கம்பு நட்டு, குறுக்குக் கம்பு கட்டி, பலகை பரப்புவோமே, அதை எங்கள் ஆட்கள் தட்டு என்பார்கள். "தட்டு" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சோற்றுத் தட்டா, பீங்கான் தட்டா? ஓவசியரின் கந்தோர்க் கடுதாசியில் அதற்கு "சாரம்" என்று இருந்தது. எவ்வளவு சுத்தமான சொல். எழுதினேன்:

"சனிக்கிழமைகளில் மேலே ஏறுமுன் சாரத்தை இறுக்கிக் கட்டவும்."

மாட்டி வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தேன். அதைவிட நல்ல வசனம் நான் எழுதியதில்லை என்றே பட்டது. எல்லாரும் கூடி வாசித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சிலர் சிரித்தார்கள். அதை நான் மரியாதைச் சிரிப்பென்று எடுத்துக்கொண்டேன். மச்சான் மட்டும் கிட்ட வந்து, "நல்ல விஷயம்தான் மச்சான். ஆராவது சொல்லத்தான் வேணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பலகை ஏறுவதற்கு முந்தின கிழமை, பாடசாலை அதிபர் எங்கள் கொட்டிலுக்கு வந்திருந்தார். கண்டிப்பான பெண்மணி. சனிக்கிழமைக் காலையில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு நடக்கிறது, மேலே நிற்கிற ஆண்கள் உடுப்பை ஒழுங்காக உடுத்திருப்பது நல்லது என்று, சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது ஒரு பகிடியாக மட்டும் மனத்தில் நின்றது. பலகைக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் காலையில் கொப்பியும் கையுமாக வாசலில் நிற்பேன். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் "சாரம் இறுக்கியாச்சா?" என்று கேட்பேன். "ஓம், ஓம், இறுக்கியாச்சு" என்பார்கள். பெயருக்கு நேரே ஒரு சரி அடையாளம் போடுவேன். மூன்று சனிக்கிழமை இப்படிப் போனது. மூன்றிலும் ஒருவர்கூடச் சறுக்கவில்லை. அந்த மூன்று வெள்ளிக்கிழமையும் விடாத மாரி மழை பெய்ததையும், கயிறு காயவே வழியில்லாமல் இருந்ததையும் கண்டுபிடிப்புக்காரன் கவனிக்கவில்லை. ஓவசியரிடம் கொப்பியைக் காட்டினேன். "பரவாயில்லையே" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டு எனக்கு இரண்டு நாளைக்குப் போதும்.

நாலாவது வெள்ளிக்கிழமை மழை விட்டு நல்ல வெயில் எறித்தது.

சனிக்கிழமை ஒன்பது மணியிருக்கும். நான் கொட்டிலுக்குள் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். பலகை சரிகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் மச்சான் மணல் குவியலோரம் ஒருக்களித்துக் கிடக்கிறார். மேல் மாடி யன்னல் மட்டத்தில் நின்று கல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். குறுக்குக் கம்பின் கட்டு நெகிழ்ந்து பலகை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. சாந்து குழைக்கிற தாச்சியின் விளிம்பில் வலது மணிக்கட்டு அடிபட்டு, கை பார்க்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. இடது கை இடுப்பில் சாறன் முடிச்சை இறுக்கிப் பிடித்தபடி இருந்தது. வலியில் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"மச்சான்" என்று குனிந்தேன்.

"ஒண்டுமில்ல" என்றார். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

கல் இறக்க வந்த லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. டாக்டர் பொருத்தி பிளாஸ்டர் போட்டார். பழையபடி கை சுழலுமா என்று கேட்டதற்கு, பிளாஸ்டரை வெட்டினால்தான் தெரியும் என்றார். மேசனுக்கு மணிக்கட்டுத்தான் சோறு. அது சுழலவில்லை. பிற்காலம் முழுக்க மச்சான் வலது கையால் சாந்தை அள்ளுவார், சுவரில் எறிய இடது கைக்கு மாற்றுவார்.

ஆனால் அந்தக் கிழமை எங்களை வதைத்தது வேறொன்று. கொந்தராத்துக்காரர் பலகையைக் காட்டி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "எழுதிப் போட்டிருக்கன். கொப்பியிலயும் சரி போட்டிருக்கு. இறுக்கின எண்டு பொய்யச் சொல்லிட்டு ஏறி விழுந்தா நான் என்ன செய்யிற?" வியாழக்கிழமை ஓவசியர் விசாரிக்க வருகிறார். தொழிலாளியின் கவனயீனம் என்று அவர் எழுதிவிட்டால் மச்சானுக்கு நட்டஈடு இல்லை. அதைவிடப் பெரிது, பொய் சொல்லி விழுந்த மேசன் என்ற பெயர். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அந்தப் பெயர் பஸ்ஸைவிட வேகமாகப் போகும். கை சுகமானாலும் பிறகு யார் கூப்பிடுவார்கள்?

ராத்தா அழவில்லை. அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். "உன்ட கொப்பியில என்னடா எழுதின?" என்று கேட்டாள். சரி போட்டதைச் சொன்னேன். "அவர் இறுக்கின எண்டா இறுக்கித்தான் இரிப்பார். எனக்கிட்டக்கூட அவர் பொய் சொல்றல்ல" என்றாள். எனக்கு மச்சான் மேல் கோபம் வந்தது. இவ்வளவு சொல்லியும், எழுதியும், வாசலில் நின்று கேட்டும், என் வீட்டு ஆளே என்னை ஏமாற்றிவிட்டாரே என்று. நாலு நாள் அவர் முகத்தைப் பார்த்து நான் சரியாகக் கதைக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, என்றாலும் அதுதான் உண்மை.

வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு கொட்டிலுக்குள் விசாரணை. ஓவசியர் வாங்கில் இருந்தார், மடியில் கோப்பிக் கொப்பி. கொந்தராத்துக்காரர் கதவடியில். மச்சான் பிளாஸ்டர் போட்ட கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"பலகையை வாசிச்சனீரோ?" என்று ஓவசியர் தொடங்கினார்.

"ஓம் சேர்."

"சனிக்கிழமை ஏற முந்திச் சாரத்தை இறுக்கினீரோ?"

"இறுக்கித்தான் ஏறின சேர்."

"இறுக்கின சாரம் பிறகு என்னெண்டு நெகிழ்ந்தது?"

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. அவ்வளவு கோபமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நெகிழல்ல சேர். விழக்குள்ளயும் நெகிழல்ல. பலகை சரிஞ்ச உடனே நான் இந்தக் கையால முடிச்சப் புடிச்சிட்டன். கீழ பொம்புளப் புள்ளயள் நிக்கிதுகள் எண்டு எனக்குத் தெரியாதா? வேணுமெண்டா தூக்கின ஆக்களக் கேளுங்க. ஒரு விரக்கடைகூட விலகல்ல" என்றார்.

வாசலில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். "ஓம் சேர், நாங்க பாத்த. புடிச்சபடிதான் கிடந்தார்" என்றார் பாண்டிருப்பு ஆள் ஒருவர்.

கொந்தராத்துக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓவசியர் புருவத்தைச் சுருக்கினார். எனக்கு மட்டும் விளங்கிவிட்டது. இடுப்பில் உடுத்துகிற லுங்கியை நாங்கள் சாறன் என்போம். பாண்டிருப்பு ஆட்கள் அதைச் சாரம் என்பார்கள். கட்டடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு கருத்து இருப்பதாக அங்கே ஒரு குஞ்சுக்கும் தெரியாது. அவர்களுக்கு அது எப்போதும் தட்டுத்தான். அதிபர் வந்துபோன மறு கிழமை, சனிக்கிழமைகளில் சாரத்தை இறுக்கிக் கட்டவும் என்று ஒரு பலகை ஏறினால் வேறு என்னத்தை நினைப்பார்கள்? மூன்று சனிக்கிழமையும் நான் கேட்கக் கேட்க அவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நாலாவது சனிக்கிழமையும் மச்சான் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். பலகை சரிந்த நேரம் பக்கத்துக் கம்பைப் பிடித்திருக்க வேண்டிய கை, நான் எழுதிப் போட்டபடி இடுப்பைப் பிடித்திருக்கிறது.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஏதோ விளங்காத மேசன் உளறுகிறார் என்று முடிந்துவிடும், நானும் நல்ல எழுத்துக்காரனாகவே இருந்துவிடலாம். ஒரு கணம்தான். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

"சேர், அது என்ட பிழை. நான் எழுதின சாரம் வேற, இவங்க வாசிச்ச சாரம் வேற" என்றேன். இடுப்பையும் தொட்டுக் காட்டி, மேலே தட்டையும் காட்டினேன். ஓவசியர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். யாழ்ப்பாணத்திலும் இரண்டுக்கும் சாரம்தான். பிறகு வாசலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். ஆணி குத்தினாலும் "ஒண்டுமில்ல" என்கிற மனிதர்கள் அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நான் ஆசிரியராகி, தலைமயிர் நரைத்த பிறகும் எங்கள் ஊரில் என்னைச் சாரம் மாஸ்டர் என்கிறவர்கள் உண்டு. மச்சான் சிரிக்கவில்லை. தட்டை நிமிர்ந்து பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

ஓவசியர் கொப்பியை விரித்து, தன் கையாலேயே "தொழிலாளியின் பிழையல்ல. அறிவித்தல் விளங்கக்கூடியதாக எழுதப்படவில்லை" என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். கொந்தராத்துக்காரரைப் பார்த்து, இனிச் சனிக்கிழமைகளில் ஒரு ஆள் ஒவ்வொரு கட்டையும் கையால் ஆட்டிப் பார்த்து, ஓம் என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் ஏற வேண்டும் என்றார். அவர் முணுமுணுத்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். அந்த ஆள் யார் என்ற கேள்வி வந்தபோது, எல்லாரும் மச்சானைத்தான் பார்த்தார்கள். ஒரு கையால் ஆட்டினாலும் கட்டு இறுக்கமா இல்லையா என்று அவருக்குத் தெரியும் என்றார்கள். அந்தக் கட்டடம் முடியும்வரை பிறகு ஒருவரும் மேலேயிருந்து விழவில்லை. அதற்கும் என் எழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அன்றைக்குப் பின்னேரம் மச்சானைச் சைக்கிளில் பின்னுக்கு இருத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பஸார் நெரிசலில் அவருடைய கையில் ஒருவரும் இடித்துவிடக் கூடாதென்று ஓரமாக, மெதுவாக மிதித்தேன். நாலு நாள் முகம் கொடுக்காமல் இருந்ததற்கும் பலகைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். சந்தை தாண்டி, பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி முடிந்த பிறகு, "என்ன மன்னிச்சிக்கங்க மச்சான்" என்றேன்.

எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற இடத்தில்தான் அவர் கதைத்தார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே விளங்காத ஒன்றைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"தட்டு எண்டு எழுத உனக்குத் தெரியாதா மச்சான்?"

தெரியும் என்று எப்படிச் சொல்வது? நான் சைக்கிளை மிதித்தேன். குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் பிளாஸ்டர் போட்ட அவருடைய கை என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.